பனியில் நனைந்த காவி வேட்டி

செல்வசிங்குக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். துபாயிலிருந்து அல் ஐனுக்கு என் பிக்கப்பில் ஒன்றரை மணி நேரம். தக்காளிப் பெட்டிகளோடு தினமும் ஓடுகிற வழி அது. அதை ஒருவன் நடந்தே கடக்கிறேன் என்றால் வேறென்ன நினைப்பது?

அவன் துபாய் கராமாவில் ஏசி மெக்கானிக். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். மனைவி லிஜி அல் ஐனில் நர்ஸ். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது இப்போது நிறைமாதம். பிரசவத்துக்கு முன் அல் ஐன் மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டான். காவி வேட்டி ஒன்றே ஒன்று. அதைத் தினமும் தன் கையாலேயே துவைத்துக் காயப்போட்டு உடுத்த வேண்டும் என்பது அவனாகச் சேர்த்துக்கொண்டது.

"மெஷின்ல போட்டா மாதா கோவிச்சுக்குமா மாப்புள?" என்று கேட்டேன்.

"நேர்ச்சைன்னா எனக்க கை நோவணும்லா, மக்கா," என்றான் செல்வசிங்.

லிஜிக்கு எரிச்சல். "நடக்கியதுக்குப் போட்ட லீவுல எங்கூட இருந்திருக்கலாம்," என்று போனில் என்னிடம் பொரிந்து தள்ளினாள். பிறகு அவளே சமாதானமானாள். "சரி, போட்டு அண்ணே. துவைச்சுத் துவைச்சு அந்த வேட்டி பஞ்சாயிரும். பிள்ளைக்கு முதல் துணி பழசாத்தானே இருக்கணும்."

இரவில் தெரிந்தவர்களின் அறைகளில் தங்கினான். முதல் அறையில் பக்கெட் தண்ணீரெல்லாம் காவியாக ஓடியது. பால்கனியில் துணி தொங்கக்கூடாது என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டதால், அடுக்குக் கட்டிலைச் சுற்றி வேட்டியைக் கட்டினான். கீழ்க் கட்டில்காரர் அந்தத் திரைக்குள் ராஜா மாதிரி தூங்கினாராம். அடுத்தது ஒரு லேபர் கேம்ப். அங்கே கயிறு முழுக்க நீலச் சீருடைகள், நடுவில் இவன் வேட்டி. போட்டோ அனுப்பினான். வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்பு. இந்த நேரம் எந்தக் கூரையில் அது ஆடிக்கொண்டிருக்குமோ என்று, தூக்கத்தில் நடப்பவன் போல ஓட்டினேன்.

அதற்கடுத்த நாள் மாலை அல் ஃபக்கா பக்கத்தில், நான் தக்காளி ஏற்றும் தோட்டத்தை ஒட்டிய என் அறைக்கு வந்து சேர்ந்தான். துவைத்த தண்ணீர் இப்போது தெளிவாக ஓடியது. வேட்டியைக் கொண்டுபோய் வேலிக் கம்பியில் விரித்தான்.

"உள்ள போடு மாப்புள. சனவரி மாசம்," என்றேன்.

"ராத்திரிக் காத்து போதும். எங்க கரையில வலையே அப்படித்தான் காயும்."

பாலைவனம் என்றாலே காய்ந்த பூமி என்று அவனுக்கு நினைப்பு. சொன்னால் கேட்கிற ஆளில்லை.

விடிந்தபோது வேலியைக் காணவில்லை. பேரீச்சை மரங்களையும் காணவில்லை. எல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். தடவித் தடவிப் போய் வேட்டியை எடுத்து அவன் பிழிந்தான். துவைத்தபோது இருந்ததைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் லிஜியின் போன் வந்தது. வலி தொடங்கிவிட்டது.

ஈர வேட்டியைப் பிடித்தபடி அவன் அப்படியே நின்றான். "பாதி வழிதானே ஆயிருக்கு. நேர்ச்சையை முறிச்சா பிள்ளைக்கு..."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. "அந்தப் புள்ள அங்க தனியாக் கெடக்கு. நீ நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள கொழந்தையே நடக்க ஆரம்பிச்சிரும். ஏறு வண்டில," என்று கத்தினேன்.

கட்டியிருந்த கைலியோடே ஏறினான். மடியில் ஈர வேட்டி. பனிக்குள் வண்டியை ஊர்ந்துதான் ஓட்ட முடிந்தது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை இறக்கினான். வேட்டியின் இரண்டு முனைகளையும் இறுக்கிப் பிடித்து வெளியே விட்டான்.

"இதாவது காஞ்சு போய்ச் சேரட்டும்," என்றான்.

வேட்டி காற்றை வாங்கி உப்பியது. முன்னால் சாலை இல்லை, பக்கத்தில் மணல் இல்லை, வெள்ளைக்குள் ஒரு காவி மட்டும் எங்களோடு வந்தது. வண்டி தரையில் ஓடுகிறதா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பிறகு எங்கிருந்தோ வெயில் கசிந்தது. மணல்மேடுகள் ஒவ்வொன்றாகச் செம்மையாய் எழுந்து நின்றன. வேட்டி படபடவென்று அடிக்கத் தொடங்கியது. காய்ந்த துணியின் சத்தம் அது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது குழந்தை பிறந்திருந்தது. பெண். சுகமாக இருந்தாள். லிஜி சோர்ந்து கிடந்தாள்.

"காஞ்சிட்டா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"காஞ்சிட்டு."

வேட்டியை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பஞ்சுதான். பிள்ளையை அதில் சுற்றினாள்.

"நேர்ச்சை பாதியில நின்னுட்டு, லிஜி," என்றான் அவன்.

"எங்க நின்னுட்டு? நாளையில இருந்து தினமும் துவைக்கணும்லா."

அவன் அழுதுவிட்டான். நான் வண்டியைப் பார்க்கப் போவதுபோல வெளியே வந்து அழுதேன்.

இப்போது அல் ஐனிலேயே அவனுக்கு வேலை. வேட்டியை நாலாகக் கிழித்துத் தொட்டில் துணியாக்கிவிட்டார்கள். வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. ஆனாலும் அந்த நாலையும் அவன் கையால்தான் துவைக்கிறான். வெயில் ஏறிய பிறகுதான் வெளியே காயப்போடுகிறான்.