தையல்காரி கழற்றச் சொன்ன போர்டு

நாலாம் வகுப்பு தாண்டாத நான் கடைத்தெருவில் மூன்று மாடி கட்டினேன். மேல்மாடி அறையில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். கணவனை இழந்த தனிக்கட்டை. நம் பெருமை ஊருக்குத் தெரியட்டுமே என்று, ‘தனியாக வாழும் பெண்களுக்குப் பாதுகாப்பான அறைகள்’ என வாசலில் பெரிய போர்டு மாட்டினேன். ஒரே வாரத்தில் அவள் மூட்டை கட்டிவிட்டாள்.

“ஏம்மா, என் கட்டடத்துல என்ன குறை?”

“கட்டடத்துல குறையில்லைங்கய்யா. நான் தனியா இருக்கேன்னு இத்தனை நாள் யாருக்கும் தெரியாது. இப்ப போறவன் வர்றவன்லாம் போர்டைப் படிச்சுட்டு மேல பாக்குறான். நேத்து ஒருத்தன் படியேறி வந்து கதவையே தட்டிட்டான்.”

“எவன் அவன்? காலை உடைக்கிறேன்!”

“எத்தனை பேரு காலை உடைப்பீங்க? போர்டைக் கழட்டுங்க, இருக்கேன்.”

என்னை எதிர்த்துப் பேச ஆளில்லாத தெரு அது. நானே ஏணி போட்டுக் கழற்றினேன். அவள் மூட்டையை அவிழ்த்தாள். அன்றைக்கே இன்னொரு தாழ்ப்பாள் வாங்கிவந்து, கதவில் தானே பொருத்திக்கொண்டாள்.