இடம் மாறிய முந்நூற்றுப் பதினெட்டு நட்சத்திரங்கள்

மலேசியாவின் ஜாசினில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு பஸ் கம்பெனியில் கமலவேணி இருபத்திரண்டு வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா. அவள் மேசையில் மவுஸ் கிடையாது. இருந்த ஒன்று ஒரு திங்கட்கிழமை செத்துப்போனது. முதலாளி ஹரிதாஸ், "நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்றார். அந்த நாளை வர நான்கு வருஷமாயிற்று. வந்தபோது அவளுக்கு அது தேவைப்படவில்லை. பெட்டியைப் பிரிக்காமலே, காத்தாடிக்குத் தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறாள்.

அந்த நான்கு வருஷத்தில் அவள் விரல்களுக்கு விசைப்பலகை முழுக்க வழி தெரிந்துவிட்டது. இன்றைய தேதி போட கன்ட்ரோலும் அரைப்புள்ளியும். நானூறு பேர் பட்டியலின் அடிக்குப் போக கன்ட்ரோலும் கீழ் அம்பும். பக்கத்து மேசை மோகனா மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி அங்கே போய்ச் சேர்வதற்குள், கமலவேணி போய், வேலையை முடித்து, திரும்பி வந்து கோப்பி கலக்கி உட்கார்ந்திருப்பாள். ஒரு கட்டத்துக்கு மஞ்சள் பூசினால், அடுத்த கட்டத்துக்கும் அதையே பூச F4 போதும். இரண்டாயிரத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் அடையாள அட்டை எண், பிறந்த வருஷத்தை முன்னால் வைப்பதால், பூஜ்யத்தில் தொடங்கும். சும்மா அடித்தால் எக்செல் அந்தப் பூஜ்யத்தைத் தின்றுவிடும். அதனால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட வேண்டும். இதை மட்டும் மோகனாவுக்கு அவள் ஒன்பது தடவை சொல்லியிருக்கிறாள். மோகனா ஒன்பது தடவையும் "ஆமாவா?" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாள்.

இன்னொரு விதியும் அவளிடம் இருந்தது. கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விக்கு அரை விநாடிக்கு மேல் மதிப்புக் கொடுக்கக் கூடாது.

"அது கேள்வி கேக்குறதே நம்மள பயமுறுத்தத்தான்லா," என்பாள். "கன்டினியூனு போட்டிருந்தா கன்டினியூ பண்ணு. அதுகிட்ட உக்காந்து பேசிக்கிட்டு இருந்தா பஸ் போயிரும்."

வில்லங்கம் இந்த விதியில்தான் இருந்தது. ஆனால் அது வெளியே வந்தது ஆபீஸில் அல்ல, கோயிலில்.

ஜாசினுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மாரியம்மன் கோயில். திருவிழாவில் கூட்டு அர்ச்சனை உண்டு. பதிந்தவர்களின் பேர், நட்சத்திரம், ராசியைக் குருக்கள் மைக்கில் வாசிப்பார். பட்டியல் அடிப்பது எட்டு வருஷமாகக் கமலவேணியின் வேலை. பதிந்த வரிசையில் வாசித்தால் தன் பேர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரிவதில்லை. பாதிப் பேர் வடை சாப்பிடப் போன நேரத்தில் பேர் வந்து போய்விடும். அதனால் இந்த வருஷம் செயலாளர் கணேஸ்வரன், "அக்கா, பேரெல்லாம் ஆனா ஆவன்னா படி போட்டுருங்க" என்று கேட்டிருந்தார்.

அவள் போட்டுவிட்டாள். முந்நூற்றுப் பதினெட்டுப் பேர், நாலு விநாடி. பளபளவென்று அச்சடித்துக் கொடுத்தாள்.

திருவிழா முடிந்து மூன்றாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோகனா கடையில் பொட்டலமாகத் தப்பாவ் வாங்கி வந்த நாசி லெமாக் சோற்றைப் பிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்த ஐயரு போகப்போறாராம், தெரியுமா?"

"எங்க?"

"ஊருக்குத்தான். பெர்மிட் முடியுதில்ல. அதைப் புதுப்பிக்கிற லெட்டர்ல கமிட்டி சைன் வைக்க மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை மீட்டிங். நட்சத்திரம் எல்லாம் தப்புத் தப்பா வாசிச்சிட்டாருன்னு பதினோரு குடும்பம் கம்ப்ளெயின். எங்க வீட்டுக்காரருக்கும்தான். ஷங்கர், சதயம், கும்பம். ஐயரு கேட்டை, விருச்சிகம்னு வாசிச்சாரு. அதுக்கப்புறம்தான் கார் ரெண்டு தடவை பஞ்சராச்சு."

"டயரு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது ஆறு வருஷம். ஆனா அக்கா, ஆறு வருஷமா ஆகாத பஞ்சரு!"

கமலவேணி கரண்டியைக் கீழே வைத்தாள். ஷங்கரின் பதிவுச் சீட்டைப் பார்த்து அடித்தது அவளுக்கு நினைவிருந்தது. சதயம் என்றுதான் அடித்தாள். பென்டிரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தாள். ஷங்கருக்கு நேரே கேட்டை, விருச்சிகம் என்று இருந்தது. தன் பேரைத் தேடினாள். பூரத்தில் பிறந்தவள் ரேவதியில் நின்றாள். வாசித்த நேரத்தில் அவளும் வடை வரிசையில்தான் இருந்தாள்.

பிறகு முதல் வரியைப் பார்த்தாள். அனுசியா, மகம், சிம்மம். அனுசியா கணேஸ்வரனின் ஐந்து வயது மகள். மகம் கோயில் தலைவர் சாமிக்கண்ணுவின் நட்சத்திரம். எந்த வருஷமும் முதல் சீட்டு அவருடையதுதான்; வேறு யாரும் முந்திப் பதிந்தால் அவர் இரண்டு நாள் பேச மாட்டார்.

நடந்தது அவளுக்குப் புரிந்தது. பேர் இருந்த பத்தியை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தியிருக்கிறாள். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா, இல்லை இதை மட்டும் செய்யட்டுமா என்று எக்செல் கேட்டிருக்கும். இரண்டாவது பதில் கன்டினியூ என்று தொடங்கும். அவள் விரல் C-யைத் தட்டியிருக்கும். பேர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டன. நட்சத்திரமும் ராசியும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. கன்ட்ரோல்-Z மூன்று வாரம் பின்னால் போகாது.

"என்னாக்கா, சாப்பிடல?"

"சம்பல் காரம்."

கமலவேணி பயந்தது அம்மனுக்கு அல்ல. ஊரில் ஒரு பேச்சு உண்டு. கல்யாணப் பந்தியோ, பள்ளி விளையாட்டுப் போட்டியோ, யாராவது ஒரு பட்டியலை நீட்டினால், "கமலவேணி அடிச்சதா? அப்ப சரியா இருக்கும்லா" என்பார்கள். அவளுக்கு வேறு பட்டம் கிடையாது. அந்த ஒரு வாக்கியம்தான் உண்டு.

சனிக்கிழமை வீட்டில் மடிக்கணினியைத் திறந்து அதே பென்டிரைவைச் செருகினாள். குருக்கள் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர். வந்து இரண்டு வருஷம். கடையில் காய் வாங்கினால்கூட, தான் வாங்கியது சரிதானா என்று வழியில் இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டு வருகிறவர். மகள் ஊரில் நர்ஸ் படிப்பில் பாதியில் இருக்கிறாள். லெட்டர் இல்லாவிட்டால் மாதக் கடைசியில் விமானம். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். அச்சடித்த தாள் திருவிழாக் குப்பையோடு போய்விட்டதும் தெரியும். பதிவுச் சீட்டுகள் அலமாரியில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருப்பதும், அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதும் தெரியும்.

கோப்பின் மேல் ஷிப்டும் டெலிட்டும் தட்டினாள். நிரந்தரமாக அழிக்க உனக்குச் சம்மதம்தானா என்று ஒரு பெட்டி வந்து நின்றது. விரல் Y-யின் மேல் போனது. பல வருஷத்தில் முதல் தடவையாக அவள் அந்தப் பெட்டியைக் கடைசி எழுத்து வரை படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். எஸ்கேப்பைத் தட்டிவிட்டு, பிஸ்கட் டின்னை எடுத்து வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள், காலையில் மறக்காமல் இருக்க.

ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடினார்கள். ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப். குருக்கள் தூணோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு, "பரவால்லீங்க" என்றார்.

கணேஸ்வரன் புகார்களை வாசித்து முடிக்கும்வரை கமலவேணி காத்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"தப்பு அவரு மேல இல்ல. என் லிஸ்ட்டுல."

யாரும் நம்பவில்லை.

"அக்கா, பாவம் பாக்காதீங்க," என்றார் கணேஸ்வரன். "உங்க லிஸ்ட்டு தப்பா இருக்குமா? சொல்றதுக்கு ஒரு ஞாயம் வேணாம்?"

எட்டு வருஷமாக அவள் கேட்டு மகிழ்ந்த வாக்கியம். அன்றைக்கு அது காதில் நன்றாகவே இல்லை. மடிக்கணினியை மேசை மேல் வைத்துத் திறந்தாள். டின்னிலிருந்து மேலே இருந்த சீட்டை எடுத்தாள்.

"மொத சீட்டு யாரோடது?"

"என்னோடதுதான்," என்றார் சாமிக்கண்ணு. அவருக்கு எழுபத்து மூன்று வயது. "ஒவ்வொரு வருஷமும் என்னோடதுதான்."

"மகம், சிம்மம். இப்ப லிஸ்ட்டுல மொத ஆளப் பாருங்க அண்ணே."

சாமிக்கண்ணு கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "அனுசியா. மகம்." கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்ட இருந்ததையா இந்தப் புள்ளைக்குக் குடுத்தீங்க?"

"ரெண்டாவது சீட்டு உங்க வீட்டம்மா. அவங்க நட்சத்திரம் ரெண்டாவது வரியில நிக்குது. கடைசி வரைக்கும் இப்படித்தான். நான் பேர மட்டும் நகத்திட்டேன்."

அவள் நாலைந்து சீட்டை வரிசையாக எடுத்துக் காட்டினாள். நாலைந்தும் அப்படியே இருந்தன. கணேஸ்வரன் கடித்த கரிபாப்பை மெல்லவே மறந்திருந்தார்.

"அப்ப அர்ச்சனை யாருக்குப் போயி சேந்துச்சு?" என்று சாமிக்கண்ணு கேட்டார். "பேருக்கா, நட்சத்திரத்துக்கா?"

இதில் அரை மணி நேரம் போனது. பேருக்குத்தான் என்று ஒரு கட்சி. பேர் நாம் வைத்தது, நட்சத்திரம்தான் அசல் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொன்னபடி பார்த்தால், சாமிக்கண்ணுவுக்கு வந்து சேர்ந்தது பாலர் பள்ளி போகும் குழந்தையின் பேரில் செய்த அர்ச்சனை. அவர் முதல் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

கடைசியில் கணேஸ்வரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஐயரே, நீங்களும் பேரு குடுத்திருந்தீங்கல்ல? உங்க நட்சத்திரமும் தப்பாத்தானே இருந்திருக்கும்?"

"ஆமாங்க," என்றார் குருக்கள். "நான் அனுஷம். அதுல பரணின்னு போட்டிருந்தது."

"அப்ப என்னா பண்ணீங்க?"

"பரணின்னு வாசிச்சேன்."

எல்லாரும் தூண் பக்கம் திரும்பினார்கள்.

"ராசியும் நட்சத்திரமும் ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா இருந்தது. அச்சும் நன்னா இருந்தது. ஒருவேளை இந்த ஊர்க் கணக்குல நான் பரணிதானோன்னு நெனைச்சுண்டேன். கமிட்டி குடுத்த பேப்பரை நான் தப்புன்னு சொல்லலாமாங்க? அம்மா அடிச்சா சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாளே."

கமலவேணிக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிருங்க சாமி," என்றாள்.

"அதுக்கென்னம்மா," என்றார் குருக்கள். ஆனால் கை வேட்டியின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது. சாமிக்கண்ணு பேனாவைத் திறந்து லெட்டரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது நின்றது. அப்போதுதான் குருக்கள் நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அர்ச்சனையை முழுக்க மறுபடி செய்வதென்று முடிவானது. பட்டியல் யார் அடிப்பது என்றபோது கொஞ்சம் தயக்கம் இருந்தது. வேறு யாரும் கை தூக்காததால் அது கமலவேணிக்கே வந்தது. ஆனால் ஒரு தீர்மானம் போட்டார்கள்: கம்ப்யூட்டர் ஏதாவது கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் இன்னொருவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். தீர்மானம் குறிப்பேட்டில் ஏறியது. "கமலவேணி அடிச்சதா?" என்ற கேள்வி ஊரில் இப்போதும் உண்டு. "அப்ப சரியா இருக்கும்லா" என்பதற்குப் பதில், "யாரு படிச்சுப் பாத்தா?" என்கிறார்கள்.

புதன்கிழமை மாலை கோயில் ஆபீஸில் பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்து முந்நூற்றுப் பதினெட்டுச் சீட்டையும் மறுபடி அடித்தாள். இந்தத் தடவை இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு என்று ஒரு எண் பத்தியும் போட்டாள்; எது எப்படிக் கலைந்தாலும் அந்த எண்ணைப் பிடித்துப் பழைய வரிசைக்குத் திரும்பிவிடலாம். குருக்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்தார். தன் சீட்டு வந்தபோது, "அனுஷம்" என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

முழுப் பட்டியலையும் கன்ட்ரோல்-T கொடுத்து அட்டவணையாகக் கட்டிவிட்டால், வரிசைப்படுத்தும்போது ஒவ்வொரு வரியும் சேர்ந்தே நகரும். எக்செல் எதையும் கேட்காது. கமலவேணிக்கு இது பத்து வருஷமாகத் தெரியும். மோகனாவுக்குப் பல தடவை சொல்லியும் இருக்கிறாள். ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே. அதனால் பேர் பத்தியை மட்டும் பிடித்து, வரிசைப்படுத்தச் சொன்னாள். பெட்டி வந்தது.

அவள் விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குருக்கள் தொண்டையைக் கனைத்து, சங்கல்பம் சொல்லும் அதே ராகத்தில், அந்த ஆங்கிலக் கேள்வியை முதல் சொல்லிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.