ஐயர் மெத்தை

எங்கள் வீட்டில் பதினோரு வருஷம் ஒரு மெத்தை இருந்தது. அதில் மாதத்துக்கு ஒரு ராத்திரி ஒருவர் படுப்பார். மிச்ச நாளெல்லாம் அதை நான் தூக்கினேன், இறக்கினேன், காயவைத்தேன், திருப்பிப் போட்டேன். இதைச் சொல்ல ஆரம்பித்தாலே இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். என் வீட்டுக்காரர் தலைமையாசிரியர், நான் இரண்டாவது ஆசிரியை. மூன்றாவது ஆசிரியர் என்று யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் அதே பள்ளிக்கூடம்தான் கோயில். அன்றைக்கு என் வீட்டுக்காரர்தான் உபதேசியார். பாட்டு எடுத்துக் கொடுப்பார், பிரசங்கமும் பண்ணுவார். அப்பமும் திராட்சரசமும் வைத்துத் திருவிருந்து கொடுக்க மட்டும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போதகர் வரவேண்டும். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவருக்கு மேய்க்க ஒன்பது ஊர். எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளில் வருவார். இரவு தங்கி, மறுநாள் ஆராதனை முடித்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்.

தங்குவது எங்கள் வீட்டில். வீடு என்றால் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஓடு போட்ட ஒரே அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. ஐயர் வருகிற ராத்திரி அறையை அவருக்கு விட்டுவிட்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுப்போம். பெண் காஞ்சிபுரத்தில் போர்டிங்கில் இருந்தாள், அதனால் நாங்கள் இரண்டு பேர்தான்.

வயசான மனுஷரைத் தரையில் படுக்க வைக்கிறோமே என்று சபையாருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகையில் வந்த காணிக்கையை வைத்து இரும்பில் ஒரு மடக்குக் கட்டில் வாங்கினார்கள். நாடா பின்னியது. நடுவில் மடக்கி, காலை உள்ளே தள்ளினால் சுவரோரம் ஒரு முழ இடத்தில் நின்றுகொள்ளும். விரித்துவிட்டால் அறையில் பாதி அதுதான். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலம் மிஞ்சும். அந்தக் கட்டிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தானுண்டு தன் மூலையுண்டு என்று இருந்தது.

வினை மெத்தையில் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் மெத்தை தைக்கிற பாய் ஒருவர் இருந்தார். அவரை வரவழைத்துப் பள்ளிக்கூடத்திலேயே பேச்சு நடந்தது. பாய் வந்ததும் முதலில் கட்டிலை மடக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், அப்புறம் அறையை எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையைப் பார்த்துவிட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"ரெண்டு துண்டா தச்சிக்கங்க. தலமாட்டுக்கு ஒண்ணு, கால்மாட்டுக்கு ஒண்ணு. ரெண்டு விரக்கடை கனம் போதும். கட்டில மடக்கினா மெத்தையும் கூடவே மடங்கிக்கும், தனியா எடம் தேட வாணாம்," என்றார் பாய்.

சபை மூப்பருக்கு அது பிடிக்கவில்லை. "இன்னா பாய், ஐயருக்குப் போயி துண்டு மெத்தையா? இடுப்புக்கு நேரா சந்து வுழும். ஒரே மெத்தையா போடு. நல்லா ஒசரமா போடு."

"ஒசரமா போட்டா கட்டிலு மடங்காது சார்."

"அது மடங்கலன்னா தனியா வெச்சிக்கிறாங்க. வூட்ல டீச்சரம்மா கீறாங்க இல்ல."

டீச்சரம்மா அப்போது அங்கேதான் இருந்தேன். எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். தேங்காய் நார் முதுகைக் குத்தும், பருத்திப் பஞ்சு கட்டி தட்டிப்போகும், இலவம்பஞ்சுதான் குளிர்ச்சி என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். எங்கே வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாவது வாயைத் திறந்திருக்கலாம். ஐயருக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கிறாள் என்று பேர் வருமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மெத்தை வந்தது. நீலக் கோடு போட்ட துணி, உள்ளே இலவம்பஞ்சு, அரைச் சாணுக்கு மேல் உயரம். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஞாயிறு வந்தவர்கள் எல்லாரும் எட்டி நின்று பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அது என் தலையில் விடிந்தது. சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டினேன். இறுக்கிக் கட்டினால் இலவம்பஞ்சு அமுங்கி உயிர் போய்விடும் என்று பாய் சொல்லி அனுப்பினார். சுவரில் சாய்த்து வைத்தேன். சாயங்காலத்துக்குள் இடுப்பொடிந்து குப்புற விழுந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் உத்திரத்தில் இரண்டு மூங்கில் கட்டி மேலே ஏற்றினார். ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி அதன் மேலேயே சொட்டியது. சமையல் சாய்ப்பில் புகை, பள்ளிக்கூடத்தில் எலி. கடைசியில் எங்கள் இரண்டு டிரங்குப் பெட்டிகளின் மேல் இரண்டாக மடித்து வைத்து, மேலே பழைய புடவை ஒன்றைப் போர்த்தினேன். அதற்கப்புறம் எனக்கு ஒரு ரவிக்கை வேண்டுமென்றால் முதலில் மெத்தையை இறக்க வேண்டும். எடுத்து முடித்ததும் ஏற்ற வேண்டும்.

வாரா வாரம் வெயிலில் போடவேண்டும், இல்லாவிட்டால் வாடை வந்துவிடும். பள்ளிக்கூடத்து மதில்வரை தலையில் சுமந்து போவேன். அது பெரிய கனமில்லை, ஆனால் பிடிக்கத் தோதான பொருளும் இல்லை. முன்னால் தொங்கும், பின்னால் தொங்கும், வழி தெரியாது. மதியம் போய்த் திருப்பிப் போட்டு, வெயில் சாய்வதற்குள் தட்டி எடுத்து வந்து அந்துருண்டை வைத்து மடிப்பேன். இத்தனையும் மாதத்தில் ஒரு ராத்திரிக்காக.

அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு வருகிற காலையில்தான் எனக்குக் கூலி. நான் காபி கொண்டுபோகும்போது ஐயர் முகம் கழுவிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். விரிப்பு நன்றாகக் கசங்கியிருக்கும். "எப்படி ஐயா இருந்துச்சு?" என்பேன். "நல்ல தூக்கம் டீச்சர்," என்பார். ஒவ்வொரு மாதமும் அதே கேள்வி, அதே பதில். அவர் போனபிறகு அந்தச் சுருக்கங்களைக் கையால் நீவி எடுக்கும்போது, பரவாயில்லை, ஒரு மனுஷர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் என்று இருக்கும்.

ஐந்தாறு வருஷத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் பாயிலிருந்து எழுந்திருப்பது பெரும்பாடு. ஒருக்களித்து, கையை ஊன்றி, முட்டி போட்டு, சுவரைப் பிடித்து எழுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, "ரொம்ப வெயிட் தூக்குவீங்களா?" என்று கேட்டார். "தண்ணிக் குடம்தான்," என்றேன். மெத்தை ஞாபகத்துக்கே வரவில்லை.

"இனிமே தரையில படுக்காதீங்க. கட்டில்ல படுங்க. வீட்ல கட்டில் இருக்கா?"

"இருக்கு," என்றேன். பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்லவர். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அது சபைச் சொத்து. ஐயருக்குன்னு கொடுத்தது. நாம படுத்தா நல்லா இருக்குமா?" என்றார். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸில் வீட்டுக் கணக்கு எழுதாத மனுஷர் அவர். அவரை என்ன செய்வது.

ஒரு நாள் ஜுரத்தில், அவர் வெளியே போயிருந்தபோது, கட்டிலை விரித்து மெத்தையைப் போட்டுப் படுத்தேன். பத்து நிமிஷம் இருக்கும். மூப்பர் சம்சாரம் கீரை கொடுக்க வந்தவர் வாசலில் நின்றார். "ஐயரு மெத்தையா டீச்சரம்மா?" என்றார். அதில் கோபம் இல்லை, நக்கலும் இல்லை. வெறுமனே கேட்டார். நான் எழுந்து, அவர் கண்ணெதிரிலேயே மடித்துப் பெட்டி மேல் வைத்தேன். வைத்துவிட்டுக் கீரையை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவை, பஞ்சை அடித்துத் திரும்பத் தைக்கப் பாயைக் கூப்பிட்டோம். அவர் மெத்தையைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருமே படுக்கலியாம்மா இதுல? படுத்த மெத்தைன்னா நடுவுல குழி வுழும். இது தச்சி அனுப்பினா மாதிரியே கீதே," என்றார். வாரா வாரம் வெயிலில் போடுகிறேன் பாய் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கும் பெருமை. இரண்டு படித்த ஆசிரியர்கள், எங்களுக்குப் புரியவில்லை.

எழுபதுகளின் பாதியில் ஐயருக்கு மாற்றல் வந்தது. சாமான் கட்ட ஒத்தாசைக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு, அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயர் யாரையோ பார்க்க வெளியே போயிருந்தார். நானும் ஐயரம்மாவும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினோம், புத்தகங்களைக் கட்டினோம். படுக்கை என்று இரண்டு பாய்களையும் போர்வைகளையும் ஐயரம்மா சுருட்டினார்.

"மெத்தை எங்கம்மா? அதையும் கட்டிடலாம்," என்றேன்.

"மெத்தை ஏது இங்க? அவருக்குப் பஞ்சே ஆவாது டீச்சர். மெத்தையில படுத்தா இழுப்பு வந்துடும். கல்யாணத்துக்குக் கொடுத்த மெத்தையையே எடுத்துத் தூரப் போட்டோம். எப்பவும் பாய்தான்."

நான் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்புறம் மறைக்க முடியாமல் சொன்னார். எங்கள் வீட்டில் ஐயர் ஒரு ராத்திரிகூட அந்த மெத்தையில் படுத்ததில்லை. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவாரே ஒரு ஜமுக்காளம், அதைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் விரித்துப் படுத்துவிடுவாராம். விடிந்ததும் ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மெத்தை விரிப்பைக் கையால் கசக்கிவிடுவாராம்.

"சபையார் ஆசையா வாங்கினது, டீச்சர் அவ்வளவு பார்த்துப் பார்த்து வெச்சிருக்காங்க, வேணாம்னா மனசு நொந்துடுவாங்கன்னு சொல்வாரு. ஒவ்வொரு தபா போய் வந்தும் சொல்வாரு."

மிச்சச் சாமானை எப்படிக் கட்டினேன் என்று ஞாபகம் இல்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குக் கோபமாக வந்தது. மூப்பர் மேல் இல்லை, என் வீட்டுக்காரர் மேலும் இல்லை. ஐயர் மேல். ஒரே ஒரு வார்த்தை, "எனக்கு ஒத்துக்காது டீச்சர்," என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் போதுமே. அவருடைய மரியாதை என் இடுப்பை வாங்கிவிட்டது. நான் நீவி நீவி எடுத்த சுருக்கம் எல்லாம் அவர் கை போட்ட சுருக்கம். அதை நினைக்க நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் கட்டிலை விரித்தேன். மெத்தையை இறக்கிப் போட்டேன். கதவைத் திறந்தே வைத்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். என் வீட்டுக்காரர் உள்ளே வந்தவர் திகைத்துப் போய், "யாரு வர்றாங்க?" என்றார்.

"யாரும் வரல. நான் படுக்கப்போறேன்."

அவர் வாயெடுப்பதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷத்தில் அந்தப் பெட்டி மேல் உட்கார இடம் இருந்ததில்லை. "விரிப்பைக் கசக்கினதுகூடவா?" என்று கேட்டார். எழுந்து புது விரிப்பு ஒன்றை எடுத்துத் தானே போட்டு, நான்கு மூலையும் இழுத்துவிட்டார்.

"நீ படு. நான் பள்ளிக்கூடத்துல படுத்துக்கிறேன். காலையில காபி நான் போடறேன்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்புப் பக்கம் போனதில்லை.

சுகமாகத் தூங்கினேன் என்று இங்கே எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பிறந்ததிலிருந்து தரையில் கிடந்த உடம்பு. மெத்தை உள்ளே வாங்கிக்கொண்டது, புரள முடியவில்லை, இடுப்பில் வலி இன்னும் கீழே இறங்கியது. இதற்காகவா இத்தனை வருஷம் ஏங்கினோம் என்று இருந்தது. விடியற்காலையில் பொறுக்க முடியாமல் இறங்கி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்தேன். அங்கேதான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

சாய்ப்பில் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. பால் பாத்திரத்தைத் தேடி அவர் எதையோ உருட்டினார். நான் சுவரைப் பிடித்து எழுந்து, பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். என்னை அறியாமல் கை போய் விரிப்பைக் கொஞ்சம் கசக்கிவிட்டது.

அவர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு வந்தார். காபி பாதி தளும்பிக் கொட்டியிருந்தது. விரிப்பை அவர் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்ல தூக்கங்க," என்றேன்.