இருட்டு மாதங்களின் பறவைகள்

பென்குயின் படம் போட்ட எந்தப் பொருளையும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. பிறந்தநாள் கேக்கானாலும் சரி, பள்ளிக்கூடப் பையானாலும் சரி. என் மகனுக்கு இது அம்மாவின் கிறுக்கு. அதைத் தெலுங்கில் அவன் அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பான். அப்பா சிரிக்க மாட்டார்.

என் கணவர் காஞ்சன்பாக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஜெனரேட்டர் பார்க்கும் டெக்னீஷியன். தொண்ணூற்றெட்டின் கடைசியில், ஹைதராபாத்தில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போகத் துடித்துக்கொண்டிருந்தபோது, இவர் அண்டார்டிகாவுக்குப் பேர் கொடுத்தார். பதினாறு மாதம். கப்பல் ஏறிய நாளில் நான் முழுகாமல் இருந்தேன். அது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஜனவரியில் தெரிந்தபோது கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸில் நான் தனி. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த அவருடைய அண்ணன் வாரம் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

புறப்படுமுன் குடும்பத்தாரைக் கூட்டி ஓர் அதிகாரி பேசியிருந்தார். மே கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் உதிக்காது. அந்த மாதங்களில் கெட்ட செய்தி எதையும் சொல்லாதீர்கள், கிளம்பி வரவும் முடியாது, மனம் உடைந்துபோகும் என்றார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

ஞாயிறு காலையில் சாட்டிலைட் போனில் கூப்பிடுவார். ஐந்து நிமிடம். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேரக் காத்திருப்பதிலேயே பாதி போய்விடும். மீதியில் அவர் ஸ்குவாவைப் பற்றிச் சொல்வார். பருந்துக்கும் காக்கைக்கும் பிறந்ததுபோல ஒரு பழுப்புப் பறவையாம். கூட்டுப் பக்கம் போனால் பாய்ந்து வந்து தலையில் அடிக்குமாம், அதனால் தலைக்கு மேல் ஒரு கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பார்களாம். பொரித்த இரண்டு குஞ்சுகளில் பெரியது சின்னதைக் கொத்தித் துரத்திவிட்டது, பெற்றவை பார்த்துக்கொண்டே நின்றன என்று ஒரு வாரம் சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் சொல்கிற கதையா இது என்று கத்திவிட்டேன்.

மே நடுவில், ஆறாம் மாதத்தில், குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரி ஆயா என் தலையைத் தடவி, "நக்கோ ரோ பேட்டி" என்றாள். அழாதே என்று சொன்னவள், நான் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வருடத்தில் அதைச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள் அவருடைய அண்ணன் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"அவன்ட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாத தாயி. அங்க வெளிச்சம் வரட்டும், நானே சொல்லுதேன்."

அந்த ஞாயிறு போன் வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டார். உதைக்கிறது என்றேன். அங்கே என்ன பறவை வந்தது என்று அவசரமாகக் கேட்டேன். பேச்சை அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் நான் சொல்ல வேண்டிய பொய் குறையும் அல்லவா? அவர் ஒரு கணம் தாமதித்தார். தொலைவுதான் காரணம் என்று நினைத்தேன். பிறகு ஆரம்பித்தார்.

உடம்பெல்லாம் வெள்ளையாக, கண்ணும் மூக்கும் மட்டும் கறுப்பாக, பனிப் பெட்ரல் என்று ஒரு பறவை. பாறை இடுக்கில் முட்டையிட்டிருக்கிறது. கிட்டே போனால் நாற்றமடிக்கும் எண்ணெயைக் காறி உமிழ்கிறது. அடுத்த வாரம் அந்த முட்டை பொரிந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு கடல்நாய் பனிமேல் குட்டி போட்டிருந்தது. தாய் மூக்கால் தடவித் தடவிக் கூப்பிடுகிறது, குட்டி கொழுத்துக்கொண்டே போகிறது. வாராவாரம் எல்லாம் வளர்ந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வயிறு காலியாகக் கிடக்க, உலகத்தின் அடியில் இருக்கிற பனிக்கட்டியில் எல்லாத் தாய்க்கும் பிள்ளை பிழைக்கிறதா?

நானும் சளைக்கவில்லை. ஜூனில் வளைகாப்பு ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் என்று அடுக்கினேன். யார் யார் வந்தார்கள் என்றும் சொன்னேன். வளையல் சத்தம் கேட்க வேண்டும் என்றார். முன்பே சார்மினார் பக்கம் போய் வாங்கி வைத்திருந்த பெட்டியை எடுத்து, கைகொள்ளாமல் கண்ணாடி வளையலைப் போட்டு, ரிசீவர் பக்கத்தில் ஆட்டினேன். இன்னொரு முறை என்றார். ஆட்டினேன். போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆகஸ்டில் அவருடைய அண்ணன் என் வீட்டிலிருந்தே அவரிடம் சொன்னார். பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்தார். இவர் அழவில்லை. எப்போது, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ உடம்பப் பாத்துக்க," என்றார், அவ்வளவுதான். பனி இவரை மரக்கட்டையாக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்த பிறகும் அந்த நினைப்போடுதான் சோறு போட்டேன்.

வந்த மாதத்திலேயே குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில் அவருக்குப் பாராட்டு. சாயங்காலம் ஸ்லைடு போட்டுக் காட்டினார். அவரோடு குளிர்காலம் முழுவதும் இருந்த டாக்டரும் வந்திருந்தார். ஸ்குவா வந்தது, பெட்ரல் வந்தது, வழிதவறி வந்த ஒற்றைப் பென்குயின் வந்தது. எல்லாப் படத்திலும் நல்ல வெயில். இருட்டு மாதங்களின் படங்களில் விளக்கும் குழாயும் தாடி வைத்த ஆட்களும் மட்டும். முன்வரிசையில் இருந்த பெண்மணி, இருட்டில் அந்தப் பறவைகள் என்ன செய்யும் என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தார். ஏப்ரலுக்குள் எல்லாம் வடக்கே கடலுக்குப் போய்விடும், அக்டோபர் வரைக்கும் ஒன்றும் வராது, கடல்நாய் பார்க்கவோ கடற்கரை வெகு தூரம், அந்தக் குளிரில் யாரும் போனதில்லை, ஆறு மாதம் எங்களைத் தவிர உயிருள்ள ஒன்றையும் நாங்கள் பார்க்கவில்லை என்றார்.

கூடத்தில் எல்லாரும் அடடா என்றார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஸ்லைடு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். என்ன என்று அவர் கேட்கவில்லை. பிள்ளை போன அந்த வாரமே அண்ணன் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டாராம். உனக்குத் தெரிந்ததாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே, ரொம்பவும் நொந்து போயிருக்கிறாள் என்று அதில் எழுதியிருந்தாராம். நிலையத்தில் இருந்த ஒரு புத்தகத்தைப் பார்த்து, வாரத்துக்கு ஒரு பிராணியாக எனக்குச் சொன்னாராம். சாகிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு.

நடுரோடு என்றும் பார்க்காமல் நின்றுவிட்டேன். தெரிந்துகொண்டே என் வாயால் ஏன் அத்தனையும் சொல்ல வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ பேசுதப்ப பிள்ள இருந்துச்சு. அதைக் கேக்கத்தான் கூப்ட்டேன்."

அவருக்கு இருந்தது. இரண்டரை மாதம் கூடுதலாக, ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் இருந்தது. செத்துப்போன பிள்ளையை வாராவாரம் பெற்று அவர் காதில் கொடுத்துவிட்டு, போனை வைத்ததும் மறுபடி பறிகொடுத்தவள் நான். அதைச் சொன்னேன். அவர் அழுதார். ஆறுதல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.