வரேன் சார் என்று எழுதிய பையன்

2008 ஜூலை 7, திங்கட்கிழமை, காலை ஐந்து நாற்பது. தூறல். அதோடு பனிமூட்டமும் சேர்ந்திருந்தது. கூடைக் கம்பத்தின் அடி தெரிந்தது, மேலே வளையம் மங்கலாகத்தான் தெரிந்தது. பையிலிருந்து கொட்டிய பந்துகளை எண்ணினேன். பதினொன்று. அறையை விட்டுக் கிளம்பும்போது பன்னிரண்டு எண்ணித்தான் எடுத்து வந்தேன். மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான். ஒன்று பனிக்குள் எங்கோ உருண்டு போயிருந்தது.

அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. அரசுப் பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தேன். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம் எனக்கு ஜனவரியிலேயே தொடங்கிவிடும்.

அன்று ஒன்பதரை மணிக்கு கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் என்னைக் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்து இளைஞர். நட்புத் தளம் ஒன்றில் என் பெயரில் பக்கம் திறந்து கொடுத்தவர் அவர்தான். திரையில் ஒரே வரி இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான் பையன்.

"சார், பன்னெண்டாவது பால் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கெடக்குது. ரெண்டு தடவ எண்ணுனீங்களே."

தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். நனைந்த சருகுக்கு நடுவே பந்து கிடந்தது. எழுதிய பையனின் பக்கத்தில் ஊர் சிங்காரப்பேட்டை என்று போட்டிருந்தது. ஊத்தங்கரைக்கு அப்பால். எங்கள் மைதானத்திலிருந்து நூற்றுப்பத்து கிலோமீட்டர்.

இந்த இணையப் பக்கத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அதுவரை ஆட்டக்காரர்களைத் தேடுவதற்கு என் வழி பஸ்தான். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்று ஒரு பையனின் பாதத்தைப் பார்ப்பேன். கூடையில் போடத் தவறியபின் அவன் பந்தைப் பார்க்கிறானா, கூட்டத்தைப் பார்க்கிறானா என்று பார்ப்பேன். இரண்டு மணி நேரம் போதும். அந்த வருடம் தாளாளர் எனக்குத் தந்துவந்த பயணப்படியை நிறுத்திவிட்டார். "பெங்களூர் காலேஜுக்காரன்லாம் நெட்லயே பசங்கள வளைச்சுப் போட்டுர்றான். நீங்க இன்னும் ஊத்தங்கரை பஸ் டைம் கேட்டுட்டு இருக்கீங்க" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் அணியில் ஆறடியைத் தாண்டியவர்கள் இரண்டே பேர்.

அந்தத் தளத்தில் ஒருவருக்கு எழுதும் செய்திக்கு ஸ்க்ராப் என்று பெயர். ஓசூரில் ஸ்க்ராப் என்றால் பட்டறையில் மிஞ்சும் இரும்புத் துண்டு, லாரியில் எடை போட்டு வாங்குவார்கள். "எடை போட்டுத்தான் சார் பாக்கணும், பாதி துருதான்" என்பார் லேப் உதவியாளர். ஜூன் மாதம் மட்டும் நாற்பத்தேழு பேர் எழுதினார்கள். முப்பது பேர் கருப்புக் கண்ணாடியும் மோட்டார் சைக்கிளுமாகப் படம் போட்டிருந்தார்கள். சிங்காரப்பேட்டைப் பையன் மட்டும் பூசாத ஹாலோ பிளாக் சுவர் ஒன்றின் முன் நேராக நின்றிருந்தான். நான் திரையில் ஸ்கேலை வைத்துக் கல் வரிசையை எண்ணினேன். ஒரு கல் எட்டு அங்குலம். ஒன்பதரைக் கல். ஆறடி நான்கு அங்குலம்.

"சார், சோத்துலயும் இப்பிடித்தான் பருக்கைய எண்ணுவீங்களா?" என்று கேட்டார் உதவியாளர்.

பந்துக்குப் பிறகு ஸ்க்ராப்புகள் வாரத்துக்கு மூன்று, நான்கு என்று வந்தன. எல்லாம் காலை எட்டு மணியளவில் எழுதப்பட்டவை. "இன்னைக்கு நீங்க குடை எடுத்துட்டு வரல சார்." "மஞ்ச பனியன் போட்ட பையன் எடப்பக்கம் திரும்பவே மாட்டேங்கிறான் சார், யாராச்சும் கவனிச்சா தடுத்துருவாங்க." மறுநாள் மஞ்சள் பனியன்காரனை அரை மணி நேரம் உட்கார்ந்து கவனித்தேன். முப்பத்தெட்டு முறை திரும்பினான். முப்பத்தெட்டும் வலப்பக்கம். ஒரு வருடமாக என் கண்ணில் படாதது.

எனக்கு இரண்டு விதமாக இருந்தது. இப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவனை ஆட்டத்தில் பார்க்காமலே எடுக்கலாம் என்று தோன்றியது. அதே சமயம் மைதானத்தில் குனியும்போது முதுகில் ஏதோ ஊர்ந்தது. அணியில் யாரோ அவனுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து, பதினான்கு பேரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டேன். யாருக்கும் அவனைத் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தேன். ஒரு பக்கம் விடுதி, அதன் ஜன்னல்களுக்கு எங்கள் மைதானம் தெரியாது. இரண்டு பக்கம் யூகலிப்டஸ். நான்காவது பக்கம் சுவர், அதற்கு அப்பால் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம். அந்த நேரத்தில் அங்கே புகையும் சத்தமும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பேயா இருக்குமோ?" என்று ஒருநாள் பாதி விளையாட்டாகக் கேட்டேன்.

"பேய்க்கெல்லாம் ஐடி கெடையாது சார். பாஸ்வேர்ட மறந்துரும்" என்றார் உதவியாளர். ஆனால் சிரிக்கவில்லை.

"நீ எந்த ஊர்?" என்று எழுதிக் கேட்டேன். "சிங்காரப்பேட்டைங்க சார்" என்றான். நேரில் வந்து ஆடிக் காட்டச் சொன்னேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. ப்ளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்டதும் உடனே அனுப்பினான். போன வருடம் தேறியிருந்தான், எங்கள் கல்லூரிக்குப் போதுமான மதிப்பெண். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. நான்கு வருடத்துக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. ஜூலை 31 வியாழன் மாலை நான்கு மணிக்குள் அவன் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். இதையெல்லாம் விவரமாக எழுதினேன். டிசி, மார்க் ஷீட், அசல் கொண்டு வா என்றும் எழுதினேன்.

28ஆம் தேதி திங்கட்கிழமை பதில் வந்தது. "ரொம்ப நன்றி சார். இந்த மாதிரி யாரும் என்னக் கூப்பிட்டது இல்ல. வரேன் சார்."

வருகிறான் என்று தாளாளரிடம் போய்ச் சொன்னேன். "வந்தப்புறம் பேசலாம். அதுவரைக்கும் எடத்தப் பிடிச்சு வைக்கணும்னா பதிவுக் கட்டணம் கட்டுங்க, திருப்பித் தர மாட்டோம்" என்றார். அன்று மதியமே வங்கியில் எடுத்து, என் கையால் கட்டினேன்.

செவ்வாய் முழுக்க அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை பொறுக்க முடியாமல் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரியில் ஒரு பஸ், ஊத்தங்கரையில் ஒரு பஸ். சிங்காரப்பேட்டையில் இறங்கி, இவ்வளவு உயரமான பையன் வீடு என்று கேட்டால் போதுமாக இருந்தது. ஒரு டீக்கடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். ஆறு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓசூரிலிருந்து வருகிறேன் என்று நான் சொல்லி முடிக்கவில்லை, எழுந்து நின்றுவிட்டார்.

"கோச் சாருங்களா? வாங்க சார், வாங்க. முட்டி வலியோட இவ்ளோ தூரம் வந்தீங்களே! இப்ப பரவால்லீங்களா?"

என் முழங்கால் வலியை நான் வீட்டில் தவிர எங்கும் சொன்னதில்லை. நடையில் தெரிந்திருக்கலாம். அதற்கு நான் நடப்பதை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

"பையன் எங்கேம்மா?"

"அவன் அங்கதானே சார் இருக்கான், உங்ககிட்ட." என்னை உட்கார வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே போனார். "மொத ரெண்டு மாசம் உங்க திட்டு தாங்கலன்னு போன்ல அழுவான். 'கால் எங்க, கண் எங்க'ன்னு கத்துவீங்களாமே? போன மாசம் கணுக்கால் சுளுக்குனப்போ நீங்களே மண்டி போட்டு ஐஸ் வெச்சீங்களாம். பெத்த அப்பன் கூட அப்பிடி செய்ய மாட்டான் சார்."

கால் எங்கே, கண் எங்கே என்று கத்துவது நான்தான். ஐஸ் வைத்ததும் உண்மை. அது வேறொரு பையனின் கணுக்கால்.

வந்த காரியத்தைக் கேட்டேன். "அவனோட டிசி இருக்காம்மா?"

"அதான் போன வருசமே உங்க காலேஜ்ல குடுத்துட்டானே சார்" என்றார்.

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஜன்னல் ஓரம் நிற்கும் பையன். மேலிருந்து எடுத்திருந்தார்கள். அவன் தோளுக்குப் பின்னால், கீழே வெகு தூரத்தில், பனிக்குள் ஒரு கம்பம். கம்பத்தின் கீழே ஒரு மனிதர் குனிந்திருந்தார்.

"அது நீங்கதானாம்" என்றார் அம்மா. "பந்து எண்ணுறீங்களாம்."

முன்பின் தெரியாத வீட்டில் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பழுப்பு மப்ளர் என்னுடையது. அப்போதுதான் புரிந்தது, சுவருக்கு அப்பால் அந்தத் தொழிற்சாலையில் மாடி இருக்கிறது, மாடியில் ஜன்னல் இருக்கிறது.

"மாசம் ரெண்டாயிரம் ஆட்டக்காரப் பசங்களுக்குன்னு தர்றீங்களே சார், அதுலதான் சின்னவ ஸ்கூலுக்குப் போறா. அவங்கப்பா போனதுலேர்ந்து வேற வருமானமில்ல. படிப்பு முடியற வரைக்கும் அது நிக்காதுங்களே?"

"நிக்காதும்மா" என்றேன்.

அடுத்த நாள் வியாழன். ஐந்தரைக்கே மைதானத்துக்குப் போய் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். டீ டம்ளரோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருவரும் குட்டை. ஆறரைக்கு மூன்றாம் ஷிப்ட் விடும்போது தொழிற்சாலைப் பின்கேட்டில் நின்றேன். வெளியே வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அவன் இல்லை. காவலாளி வயதானவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுபவர். உயரத்தைக் கையால் காட்டிக் கேட்டேன்.

"ஓ, நெட்டையனா? டீ பிரேக்ல கேண்டீன் ஜன்னல விட்டு நகரவே மாட்டான் சார். இந்தச் சொவத்துல சாஞ்சு போட்டோ எல்லாம் எடுத்துக்குவான். அந்தக் காண்ட்ராக்ட் பேட்ச் திங்கக்கெழமையே முடிஞ்சோச்சு. எல்லாரையும் வேன்ல ஏத்தி தும்கூர் பக்கம் அனுப்பிட்டாங்க."

கேட்டின் இருபுறமும் பூசாத ஹாலோ பிளாக். நான் திரையில் எண்ணிய அதே கல்.

"இல்ல, வரேன்னு எழுதியிருக்கான். திங்கக்கெழமதான் எழுதுனான்" என்றேன்.

காவலாளிக்கு அது காதில் விழவில்லை. அவர் ஷிப்டும் முடிந்திருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு, "பர்த்தீனி சார்" என்று கன்னடத்தில் வருகிறேன் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

இந்த எல்லையில் தமிழனும் கன்னடக்காரனும் தெலுங்கனும் கிளம்பும்போது வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. நானே ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். எதிரில் நின்று சொல்லும்போது செருப்பை மாட்டுவதும் உடம்பு வாசல் பக்கம் திரும்புவதும் தெரியும். திரையில் அந்த ஒரு சொல் மட்டும்தான் இருந்தது.

மாலை நான்கு மணி வரை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்கு ஐந்துக்கு இடத்தை வேறொருவருக்கு எழுதினார்கள்.

பயிற்சியாளர்கள் இணையத்தில் ஆள் தேடலாமா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். தேடலாம். பழையபடி ஆள் தேடி நான் சிங்காரப்பேட்டைக்கு பஸ்ஸில் போயிருந்தால் அவன் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எழுதுகிறவன் எதற்காக எழுதுகிறான் என்பது அதில் தெரிவதில்லை. அவன் இடம் கேட்டு எழுதுகிறான் என்று நினைத்தேன். அவன் ஒருமுறைகூட இடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2ஆம் தேதி அவனிடமிருந்து வந்தது: "அம்மா போன்ல சொல்லுச்சு சார், நீங்க வந்தீங்கன்னு. அதுகிட்ட எதுவும் சொல்லாம திரும்பி வந்ததுக்கு நன்றி."

அடுத்த வருடம் முயற்சி செய்யலாம், வா என்று எழுதினேன்.

"நான் காலேஜுக்கு வந்தா பணம் யாரு சார் அனுப்புவாங்க?" என்று கேட்டான். கீழே இன்னொரு வரி. "இங்க ஜன்னல் இல்ல சார். அம்மா ஞாயித்துக்கெழம பேசும், என்ன நடந்துச்சுன்னு கேக்கும். கிரவுண்டுல என்ன நடந்துச்சுன்னு எழுதுவீங்களா?"

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் எழுதினேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாரைத் திட்டினேன். கல்லூரி லேபில் அந்தத் தளத்தைத் தடுத்துவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினேன். செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கியதும் புள்ளிக் கணக்கும் எழுதினேன். யார் எத்தனை போட்டார்கள் என்று எழுதும்போது, எந்தப் புள்ளியைத் தன்னுடையதாகச் சொல்லுவானோ என்று கை நின்று நின்று போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே போன் செய்து, "பையன் பதினாறு பாயிண்ட் போட்டானாமே சார்!" என்றார். ஆமாம்மா என்றேன். அந்தப் பதினாறு மஞ்சள் பனியன்காரன் போட்டது.

மார்ச்சில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதன்பிறகு மைதானத்துக்குள் நான் போக முடியாது. ஏப்ரலிலும் அவன் கேட்டான். நடக்காத இரண்டு ஆட்டங்களை எழுதினேன். இரண்டிலும் அவனை முதல் ஐந்து பேரில் இறக்கினேன். தூறல், பனிமூட்டம், கூட்டத்தின் சத்தம் எல்லாம் எழுதினேன். எழுதும்போது அவன் ஓடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் இப்போதும் பயமாக இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் வரவில்லை. மே முழுக்க பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன், எதுவும் வரவில்லை.

பதிவுக் கட்டணம் பன்னிரண்டாயிரம். பஸ் போக வர எழுபத்தெட்டு. வழியில் சாப்பாடும் டீயும் முப்பத்து நான்கு. வாழைப்பழம் இருபது. பிரவுசிங் சென்டர் அறுபத்தொரு தடவை, தடவைக்குப் பதினைந்து வீதம் தொள்ளாயிரத்துப் பதினைந்து. ஆக மொத்தம் பதின்மூன்றாயிரத்து நாற்பத்தேழு ரூபாய்.