வாய்க்கால் நடுவில் ஓடிய எல்லைக்கோடு

அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, நான். அப்பா இல்லை, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். அக்காவின் வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்தார். விடிந்து பார்த்தால் வாசலுக்கு எதிரே இருந்த பாலமும் இல்லை.

பாலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு பனைமரத் துண்டுகள். ஐப்பசி மழையில் பெருகிய வாய்க்கால் அவற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் கரையில் சில வீடுகள், அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் நின்ற வயல்கள். தார் ரோடு அக்கரையில். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தால் அங்கேதான் நிற்கும். வரப்பு வழியாகச் சுற்றிப் போகலாம், ஆனால் வழுக்கும் வரப்பில் நிறைமாதக்காரியை எப்படி நடத்திக் கூட்டிப்போவது? வலி எடுப்பதற்குள் பாலம் வேண்டும்.

"சேர்மனப் பாத்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்க்கா" என்றார் மாமா.

உள்ளாட்சித் தேர்தல் முடிந்த அடுத்த வருடம் அது. பதவிகளில் இன்னும் புது வாசனை இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் என்பதால், போர்டு படிக்க என்னையும் வரப்பு வழியே கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளாட்சி எத்தனை வகைப்படும் என்பது எனக்கு மனப்பாடம். ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி என்று போகிற வழியெல்லாம் ஒப்பித்தேன். "பாலம் இதுல எந்த வகைல வருதுடா?" என்று மாமா கேட்டார். புத்தகத்தில் அது இல்லை.

அக்கரை டவுன் பஞ்சாயத்து, என் பாடத்தில் அது பேரூராட்சி. சேர்மன் என்றதும் மாமாவுக்கு அந்த ஆபீஸ்தான் தெரியும். மத்தியானம் வரை காத்திருந்தோம். அம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல சேர்மன் பொறுமையாகத் தலையாட்டினார். கடைசியில் எந்தக் கரை என்று கேட்டார். சொன்னோம்.

"ஏம்மா, நீங்க எங்க லிமிட்டே கெடையாதே. ஒங்களுது கிராமப் பஞ்சாயத்து. ஒங்க சேர்மன் வேற, ஒன்றியத்துல இருப்பாரு."

வெளியே வந்ததும் மாமா நின்றுவிட்டார். ஒரு வாய்க்காலுக்கு எத்தனை சேர்மன்தான் இருப்பார்கள் என்று அவர் கேட்டது என்னையா வானத்தையா என்று தெரியவில்லை.

மறுநாள் ஒன்றிய ஆபீஸ். முதலில் உங்கள் ஊராட்சித் தலைவரிடம் போங்கள், தீர்மானம் போட்டுக் கொடுத்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். தலைவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். "எனக்கென்னம்மா, நாளைக்கே கூட போடுவேன். ஆனா வாய்க்கா பொதுப்பணித்துறையோடது. அந்தாண்ட கர டவுன் பஞ்சாயத்து. பாலத்துக்கு ரெண்டு பக்கமும் காலு வேணுமே" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. யார் சொன்னதிலும் இல்லை.

அன்று சாயங்காலம் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கோ ஒரு கோடு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று ஊராட்சியிலிருந்து மெல்லத் திரும்பிப் பேரூராட்சிக்குள் போனது. பின்னாலேயே வாத்துகள் போயின. அவற்றை யாரும் எந்த லிமிட் என்று கேட்கவில்லை. மழைமேகம் தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தது. ஊராட்சி கட்டிய பாதிப் பாலம் ஒன்று எங்கள் வாசலில் கிளம்பி நட்டாற்றில் முடிவதையும், அதன் நுனியில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் கண் திறந்தபடியே கண்டேன். பயமாக இல்லை. அழகாகக்கூட இருந்தது.

மாமாவின் கூட்டாளியான ஆட்டோக்காரர் அக்கரையிலிருந்து குரல் கொடுத்தார். ரோட்டில் டியூப் லைட் போட்டபோது பிடுங்கிய பழைய இரும்பு விளக்குக் கம்பங்கள் இரண்டு அவர் காலடியில் புல்லுக்குள் கிடந்தன.

"மச்சான், இது எங்க பஞ்சாயத்துது. நான் தள்ளுறேன், நீ புடி. பாதி தாண்டிட்டா ஒங்க பஞ்சாயத்துது."

இரண்டு கரை ஆட்களும் சேர்ந்து இழுத்தார்கள். கம்பங்களின் மேல் மூங்கில் பிளாச்சுகளை வரிசையாக வைத்துக் கட்டினார்கள். இருட்டுவதற்குள் பாலம் வந்துவிட்டது.

மறுநாள் காலையிலேயே அக்காவுக்கு வலி எடுத்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாமா முன்னால் கையைப் பிடிக்க, அம்மா பின்னால் இடுப்பைத் தாங்க, குடை பிடித்துக்கொண்டு கடைசியில் நான். நடுப்பாலத்தில் அக்கா நின்றாள். கீழே தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய் படிச்சவனே, இப்ப நான் யாரு லிமிட்டுல நிக்கிறேன்?"

அம்மா அவளை அதட்டினாள். அதட்டும்போதே சிரித்தும்விட்டாள். ஆட்டோ சிதம்பரம் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தை அதே பாலத்தின் வழியாக வீட்டுக்கு வந்த வாரம் டவுன் பஞ்சாயத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். கம்பங்கள் அவர்களுடையவை. எடுத்தது தப்பு, திரும்பப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள்தான் அவர்கள் லிமிட்டே இல்லையே! அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"அபராதம் கட்டிட்டா கம்பம் கெடக்குமாங்க?"

அவர் பாலத்தைப் பார்த்தார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. "கட்டிட்டா... இப்போதைக்குக் கெடக்கட்டும்" என்றார்.

குழந்தைக்குக் காப்பு வாங்க வைத்திருந்த பணத்தை அம்மா எடுத்து வந்தாள். வாதாடினால் ஜெயித்திருக்கலாமே, இவள் ஏன் இப்படித் தோற்றுப்போகிறாள் என்று அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன். சந்தையில் பேரம் படிந்து திரும்புகிறவளைப் போல அவள் முகம் ஏன் அப்படித் தெளிந்திருந்தது என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை. எந்த ஆபீஸும் கட்டித் தராத அந்தப் பாலத்துக்கு நாங்கள் கொடுத்த விலை முந்நூறு ரூபாய்.