கொம்பில் கட்டிய ஆப்பிள்

காந்தலூர் மேட்டிலிருக்கும் ஆப்பிள் மரங்களை வனிதா கல்யாணமாகி வந்த புதிதில் அவளே நட்டாள். ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்துதான் அவற்றை வளர்த்தாள். கீழ்வயலில் பூண்டு, மேட்டில் ஆப்பிள். அதுதான் பிழைப்பு. ஆடி பிறந்தால் உடுமலைப்பேட்டை வியாபாரி குப்பண்ணன் டெம்போவோடு வருவார். விலையை அடித்துத்தான் கேட்பார். ஆனாலும் மழையோ வெயிலோ, வருவார்.

அப்புறம் மூணாற்றிலிருந்து சுற்றுலா ஜீப்புகள் வர ஆரம்பித்தன. அவற்றை ஏற்பாடு செய்து அனுப்பும் ஜினோ ஒருநாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"இதைப் பறிச்சு எதுக்கு சேச்சி விக்கணும்? மரத்துல நிக்கட்டும். பாக்கறதுக்கே ஆளுங்க காசு தரும்."

பொய்யில்லை, தந்தார்கள். வீட்டுக்கு டைல்ஸ் தரை வந்தது. அவள் புருஷன் மோகனசுந்தரம் பூண்டு வயலில் ஜல்லி கொட்டி, வண்டி நிறுத்த இடம் செய்தான். சுற்றுலாவால் மலைநாடு முன்னேறுகிறது என்று ஊர்க் கூட்டத்தில் பேசினார்கள். எல்லாரோடும் சேர்ந்து வனிதாவும் கை தட்டினாள். நல்ல மண்ணின் மேல் ஜல்லி சரிந்த சத்தம் மட்டும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

போன ஆடியிலும் குப்பண்ணன் வந்தார்.

"ஏனுங்க தம்பி, காய் நல்லாத் தெரண்டிருக்குதுங்க. பறிச்சிரலாமுங்களா?"

"ஓணம் வரைக்கும் நிக்கட்டும்ணே. அதப் பாக்கத்தான ஆளு வருது" என்றான் மோகனசுந்தரம்.

"பாதியவாவது குடுத்துருவோங்க" என்றாள் வனிதா.

"மொட்ட மரத்தப் பாக்க எவன் வருவான்?"

குப்பண்ணன் வண்டியைத் திருப்பினார். பக்கத்துத் தோட்டத்தில் டெம்போவை நிரப்பிக்கொண்டு இறங்கிப்போனார்.

ஓணம் நெருங்கும்போது மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்தது, சுற்றுலா வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். பழமெல்லாம் மரத்திலேயே வெடித்து உதிர்ந்தது. வனிதா கூடை கூடையாகப் பொறுக்கினாள். அழுகலை மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெட்கத்தை விட்டுக் குப்பண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஈரம் பட்ட காய் சந்தையில நிக்காதுங்க அம்மிணி" என்றார். பாவம், குரலில் வருத்தம்தான் இருந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிப்போனது.

மழை விட்டது, பாதை திறந்தது. ஜினோ போனில் கூப்பிட்டான்.

"பூஜை லீவுக்கு ஜீப் நெறைய உண்டு சேச்சி. மரத்துல பழம் இல்லைன்னா வேற தோட்டத்துக்குத்தான் விடணும்."

மோகனசுந்தரம் மறையூருக்குப் போய்ப் பழக்கடையில் ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கி வந்தான். எந்த நாட்டுப் பழமோ, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர். வனிதா நகத்தால் சுரண்டி எடுத்தாள். பூண்டுக் கற்றை கட்டிய பழைய சணல் வீட்டில் கிடந்தது. அதில்தான் கொம்பு கொம்பாகக் கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை அவன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வந்தவர்கள் தொட்டார்கள், கன்னத்தோடு வைத்துப் படமெடுத்தார்கள். சென்னைக்காரப் பெண் ஒருத்தி வனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினமும் இதப் பாத்துக் கண் முழிக்கிறீங்க. குடுத்து வச்சவங்க நீங்க."

வனிதா சிரித்துவைத்தாள்.

ஜினோவுக்கு ஒரே சந்தோஷம். "இனி மழைக்குப் பேடிக்க வேண்டாம் சேச்சி. அடுத்த வருஷம் மரம் காய்க்கலைன்னாலும் ஒண்ணுமில்ல."

மார்கழியில் இலையெல்லாம் கொட்டி மரங்கள் நின்றன. கிளையை வெட்டிக் கவாத்துப் பண்ணினால்தான் மறு வருஷம் காய்க்கும். வனிதா கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து புருஷனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"வெட்டிட்டா பழத்த எதுலடி கட்டுறது?" என்றான்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை.